பொருத்தம் பார்க்க முடியாத இருவர்

பள்ளியில் சமூக அறிவியல் படித்த எல்லோருக்கும் அந்தக் கட்டம் நினைவிருக்கும். சமயம், நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம் என்று நான்கு பத்திகள். கிறிஸ்தவத்துக்கு நேரே இயேசு, பைபிள், தேவாலயம். இஸ்லாத்துக்கு நேரே முகம்மது நபி, குர்ஆன், பள்ளிவாசல். தேர்வில் 'பொருத்துக' என்று வரும். கோட்டை நேராக இழுத்தால் மதிப்பெண் உறுதி. பத்து வயதில் இழுத்த அந்தக் கோட்டை நம்மில் பலர் ஐம்பது வயதிலும் அழிக்கவில்லை. ஒரே பத்தியில் மேலும் கீழுமாக எழுதிய இரண்டு பெயர்கள் ஒரே வேலையைச் செய்தவர்களின் பெயர்கள்தான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் என்ன, ஜாதகக் கட்டத்தை விரித்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணிக்கை போட ஆரம்பித்துவிடுகிறோம்.

அந்த எண்ணிக்கையின் முடிவு இன்று பொதுப்புத்தியாகிவிட்டது. இயேசு மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார், முகம்மது வாளெடுத்தார். ஆகவே முன்னவர் தொடங்கியது அன்பின் மதம், பின்னவர் தொடங்கியது போரின் மதம். கிறிஸ்தவர்கள் மட்டும் இதைச் சொன்னால் பேசாமல் விட்டுவிடலாம். தன் வீட்டுப் பிள்ளையை யாரும் உயர்த்தித்தான் பேசுவார்கள். தேவாலய வாசலை மிதிக்காதவர்களும், கடவுளே இல்லை என்பவர்களும், இரண்டுமே அந்நிய மதங்கள் என்று கருதுபவர்களும்கூட இதை நிரூபணமான சரித்திரம்போலச் சொல்கிறார்கள். எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் காலைக்குள் இந்த ஒப்பீடு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் பதிலும் எனக்கு உவப்பானதல்ல. இயேசுவும் சீடர்களை வாள் வாங்கச் சொல்லியிருக்கிறாரே, கோயிலில் சாட்டை எடுத்தாரே என்று லூக்காவிலிருந்தும் யோவானிலிருந்தும் வசன எண்களை எடுத்து வீசுவார்கள். அது வக்கீல் வாதம். இரண்டு வாள் போதும் என்று சொன்னவரைப் படைத்தலைவராக்க யாராலும் முடியாது. விடை தவறு என்று சொல்ல நான் வரவில்லை. கேள்வியே தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் எவரும் இயேசுவையும் நபிகளையும் மட்டும் மனத்தில் வைத்துச் செய்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1697இல் ஹம்ஃப்ரி பிரிடோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் நபிகளை ஏமாற்றுக்காரர் என்று காட்டும் ஒரு வரலாற்று நூலை எழுதினார். அவர் குறி வைத்தது அரபு நாட்டை அல்ல. அன்றைய இங்கிலாந்தில் வேத வெளிப்பாட்டை மறுத்துவந்த பகுத்தறிவாளர்களை. ஏமாற்று என்றால் இப்படித்தான் இருக்கும், எங்கள் மதம் அப்படியல்ல என்று அவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி உருவம் தேவைப்பட்டது. 1741இல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் நபிகளைக் கொடுங்கோலராகக் காட்டும் நாடகம் போட்டார். அவர் உண்மையில் அடித்தது கத்தோலிக்கத் திருச்சபையின் மதவெறியை என்று அப்போதே பலருக்குப் புரிந்துவிட்டது. குறும்புக்காரர், நாடகத்தைப் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்டுக்கே காணிக்கையாக்கினார்.

இந்தியாவில் இந்த வழக்கு அதிகாரத்தின் கையில் போனது. வில்லியம் மூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1857 எழுச்சியின்போது ஆக்ராக் கோட்டையில் உளவுத் துறையை நடத்தியவர். பிறகு வடமேற்கு மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர். பிஃபாண்டர் என்ற மிஷனரியின் தூண்டுதலில் அவர் எழுதிய நபி வரலாறு 1858க்கும் 1861க்கும் நடுவே நான்கு பாகங்களாக வந்தது. மக்காவில் உண்மையான தேடல் கொண்ட மனிதர், மதீனாவில் அதிகாரத்தால் கெட்டுப்போனார் என்பது அதன் சாரம். இன்று கைப்பேசியில் வரும் ஒப்பீட்டின் தாத்தா இந்த நூல்தான். அதற்குப் பதிலாக, லண்டன் போன முஸ்லிம் சீர்திருத்தவாதி சர் சையத் அகமது கான் அங்கே உட்கார்ந்து கட்டுரைகள் எழுதி 1870இல் வெளியிட்டார். ஆளும் இனத்தின் மதநாயகர் சாந்தமானவர், ஆளப்படும் இனத்தின் மதநாயகர் வாளேந்தியவர் என்று எழுதியவர், ஒரு பேரெழுச்சியைப் பீரங்கியால் அடக்கிய அரசாங்கத்தின் உயர் அதிகாரி. இதிலுள்ள முரண் அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

எதிர்த் தரப்பும் இதே வித்தையைக் கற்றுக்கொண்டது. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பிஃபாண்டருக்கும் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் இரண்டு நாள் பகிரங்க விவாதம் நடந்தது. ஐரோப்பியர்களே பைபிளை அறுத்துப் பார்த்து எழுதிய ஆராய்ச்சி நூல்களை மௌலானாவின் நண்பர் டாக்டர் வசீர் கான் தேடிப்பிடித்துக் கொடுத்திருந்தார். பைபிள் ஏடுகளில் மாற்றங்கள் உண்டு என்று பிஃபாண்டர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மௌலானாவுக்கு அது வெற்றிதான். ஆனால் அந்தக் கத்தியைத் தம் பக்கத்து ஏடுகள்மீது வைத்துப் பார்க்க அவர் தயாராக இல்லை. பிஃபாண்டரும் குர்ஆன்மீது வைத்ததைத் தம் நூல்மீது வைக்கவில்லை. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி. இருநூறு ஆண்டுகளாக இந்த ஒப்பீடு இந்த இரண்டு படிகளால்தான் அளக்கப்படுகிறது.

சரி, பழைய சண்டைகளை விடுவோம். நேர்மையான வாசகர் ஒருவர், எந்த உள்நோக்கமும் இல்லாமல், இருவர் வாழ்வையும் படித்து ஒப்பிட உட்காருகிறார். அவர் கையில் என்ன இருக்கிறது?

இயேசுவைப் பற்றி நான்கு சுவிசேஷங்கள். அவர் இறந்து சுமார் 40 முதல் 70 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் நடந்த பொதுவாழ்வைப் பற்றியே பேசுபவை. கடைசி ஒரு வாரத்துக்கு அவை ஒதுக்கும் இடத்தைப் பார்த்தால், ஒரு மரணத்தைச் சொல்லவே மற்றதெல்லாம் முன்னுரையாக எழுதப்பட்டதோ என்று தோன்றும். நபிகளைப் பற்றி இப்னு இஸ்ஹாக் தொகுத்த வரலாறு. அவர் இறந்தது 767இல். நபிகள் மறைந்து 135 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் இப்னு ஹிஷாம் என்ற பிந்தியவரின் பதிப்பு வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. அந்தக் கால அரபு வரலாற்று எழுத்தில் 'மகாஸி' என்றொரு வகையே உண்டு. போர்ப் பயணங்களின் கதை என்று பொருள். வாகிதி எழுதிய நபி வரலாற்றின் பெயரே அதுதான். யார் எந்தப் போரில் நின்றார், யார் யாரை வீழ்த்தினார், எத்தனை ஒட்டகம் கிடைத்தது என்று கணக்கு வைப்பது குலப்பெருமை சார்ந்த இலக்கியம். தன் தாத்தா நபிகளோடு பத்ருப் போரில் நின்றார் என்று சொல்லிக்கொள்வதில் பேரனுக்குக் கௌரவமும் இருந்தது, அரசாங்க உதவித்தொகையில் கூடுதல் பங்கும் இருந்தது.

நம் மரபில் சொன்னால், ஒருவரைப் பற்றி நம்மிடம் இருப்பது பதிகம்; மற்றவரைப் பற்றி இருப்பது பரணி. பதிகத்தில் கண்ணீர் இருக்கும், பரணியில் யானைகள் விழும். பரணியைப் படித்துவிட்டு இந்த அரசன் ஏன் இத்தனை யானைகளைக் கொன்றான் என்று கேட்பது நியாயம். பதிகத்தில் யானையே சாகவில்லை பாருங்கள் என்று அதன் பக்கத்தில் வைப்பது நியாயமா? வகை வேறு என்பதால் சம்பவங்கள் பொய்யாகிவிடாது. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்த கைகள் வேறு வேறு என்பதை மறந்துவிட்டு எடை போட்டால் முள் எப்படி நேராக நிற்கும்?

ஏடுகளைத் தாண்டி, அவர்கள் நின்ற மண்ணைப் பார்ப்போம். இயேசு பிறந்த காலத்தை ஒட்டி, பெரிய ஏரோது கி.மு. 4இல் இறந்ததும் கலிலேயாவில் கலகம் வெடித்தது. ரோமானியத் தளபதி வாருஸ் வந்து, நாசரேத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடைத்தொலைவில் இருந்த செஃபோரிஸ் நகரைக் கொளுத்தி, மக்களை அடிமைகளாக விற்றான், 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதுகிறார். கி.பி. 6இல் குடிக்கணக்கை எதிர்த்து மறுபடியும் கலகம் மூண்டது. அப்படிப்பட்ட மண்ணில் அரசு என்பது எங்கோ இருந்து எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கும் ஒன்று. வரி, நீதிமன்றம், படை, சிலுவை எல்லாம் அதன் கையில். ஊர் ஊராக நடந்து பேசும் தச்சர் ஒருவருக்கு ஆள்வதா வேண்டாமா என்ற கேள்வியே நடைமுறையில் இல்லை.

மக்கா நகரம் இருந்த ஹிஜாஸ் பகுதியில் அரசே கிடையாது. காவல் துறை இல்லை, சிறை இல்லை, நீதிமன்றம் இல்லை. உன்னைக் கொன்றால் உன் குலம் பழிவாங்கும் என்ற பயம் ஒன்றுதான் உன் உயிருக்குப் பாதுகாப்பு. அந்த ஊரில்தான் நபிகள் 610 முதல் 622 வரை போதித்தார். ஒப்பீட்டுக்காரர்கள் இந்த ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். இந்தக் காலத்தில் அவர் கையில் வாள் இல்லை. அடிமை பிலாலைச் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறை ஏற்றினார்கள். சுமைய்யா என்ற பெண் கொல்லப்பட்டார். இஸ்லாத்தின் முதல் உயிர்த்தியாகியாகச் சொல்லப்படுபவர் அவர். நபிகளின் குலத்தையே ஊர் விலக்கிவைத்தது. 615 வாக்கில் ஒரு கூட்டம் கடல் தாண்டி அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசரிடம் அடைக்கலம் தேடியது. தாயிஃப் நகருக்குப் போன நபிகளைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். திருப்பி அடிக்க அனுமதி கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் பொறுமை.

622இல், அவர் மக்காவை விட்டு வெளியேறிய அந்த இரவில், வீட்டைச் சுற்றி நின்றவர்களின் கொலைத் திட்டம் பலித்திருந்தால்? ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அநீதியைக் கண்டித்து, ஏழைகளோடும் அடிமைகளோடும் நின்று, ஒரு கையையும் ஓங்காமல், சொந்த ஊர்ப் பெரிய மனிதர்களால் கொல்லப்பட்ட ஒரு போதகர். அவரைப் பற்றி இன்று எழுதப்படும் வாக்கியங்கள் எவருடைய வாழ்க்கையை நினைவூட்டும்? அவர் கொல்லப்படவில்லை. அவுஸ், கஸ்ரஜ் என்ற இரண்டு குலங்கள் வெட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்த யஸ்ரிப், அதாவது பின்னாளைய மதீனா நகரம், தங்களுக்கு நடுவராக வரும்படி அவரை அழைத்தது. போனார். அந்த நொடியிலிருந்து அவர் போதகர் மட்டுமல்ல. வழக்கைத் தீர்ப்பவர், உடன்படிக்கை போடுபவர், தாக்க வருபவர்களை எதிர்கொள்ள வேண்டியவர், தாமே படை அனுப்புபவரும்கூட.

இங்கே என் எதிராளி விடமாட்டார், விடவும் கூடாது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பிறகு கூட்டம் இயேசுவைப் பிடித்து அரசராக்கப் பார்த்தபோது அவர் மலைக்கு ஒதுங்கிப் போனாரே, வாய்ப்பு வந்தும் மறுத்தாரே என்பார். உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருவரும் ஒன்றுதான், பாதைதான் வேறு என்று மேடையில் கைகோத்துச் சிரிக்கும் நல்லிணக்கப் பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இயேசு அதிகாரத்தைச் சோதனையாகப் பார்த்தார். நபிகள் அதைக் கடமையாக ஏற்றார். இது பெரிய வேறுபாடு. இதைப் பற்றி ஆயுள் முழுக்கச் சிந்திக்கலாம். ஆனால் இது அன்புக்கும் வெறுப்புக்கும் உள்ள வேறுபாடு அல்ல. நீதியை அதிகாரத்தின் வழியாகக் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு விதமான பதில். கிறிஸ்தவர்களும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. அவர்களுக்கு அது 300 ஆண்டு தாமதமாக வந்தது, அவ்வளவுதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் நோக்கி நகர்ந்தபோது, எல்லையில் காவல் நிற்கும் கிறிஸ்தவச் சிப்பாய் மறு கன்னத்தைக் காட்டலாமா என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. இறையியலாளர் அகஸ்தீன் நியாயமான போர் என்ற கருத்தோடு வந்தார். மதீனாவில் முதல் ஆண்டே எழுந்த கேள்வி ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில் எழுந்தது.

மதீனா ஆண்டுகளில் எல்லாமே தற்காப்பு, எல்லாமே கருணை என்று சொல்லும் நூல்கள் தமிழிலும் உண்டு. அவை உதவாது. பனூ குரைலா விவகாரத்தை நேராகப் பார்த்தாக வேண்டும். 627இல், மக்காவின் படை மதீனாவை முற்றுகையிட்ட அகழிப் போருக்குப் பின், எதிரியோடு சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்த யூதக் குலம் முற்றுகையிடப்பட்டுச் சரணடைந்தது. சஅத் இப்னு முஆத் நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னார்: ஆண்களுக்கு மரணம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடிமைத்தனம். இப்னு இஸ்ஹாக் தரும் எண்ணிக்கை 600க்கும் 900க்கும் நடுவே. 1976இல் ஆய்வாளர் வாலித் அரஃபாத் இந்தக் கதை பின்னால் வளர்ந்தது என்று வாதிட்டார். 1986இல் இன்னோர் ஆய்வாளரான கிஸ்டர் அதை விரிவாக மறுத்தார். கிஸ்டர் பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. அது கொடுமையான தீர்ப்பு. இன்றைய எந்த அளவுகோலும் அதை ஏற்காது.

ஆனால் அதை யாரோடு ஒப்பிடுவது? ஆட்சியே செய்யாத ஒருவரோடா? அரியணையில் உட்கார்ந்தவரை அரியணையில் உட்கார்ந்தவரோடு ஒப்பிட வேண்டும். அதே தலைமுறையில் கிறிஸ்தவப் பேரரசர் ஹெராக்ளியஸ் பாரசீகரிடமிருந்து எருசலேமை மீட்டதும் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். நீக்கேயாவில் கிறிஸ்தவ ஆயர்களின் சங்கத்தைக் கூட்டிய அடுத்த ஆண்டே, 326இல், கான்ஸ்டன்டைன் தன் மகன் கிறிஸ்பஸையும், பிறகு மனைவி ஃபௌஸ்டாவையும் கொன்றார். கீழைத் திருச்சபைகளில் அவர் இன்றும் புனிதர். இதெல்லாம் குரைலாவுக்குச் சமாதானம் ஆகாது. ஒரு பிணத்தை வைத்து இன்னொரு பிணத்தை மூட முடியாது. ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் எந்த வரிசையில் நிற்க வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வரிசையில், 628இல் ஹுதைபிய்யாவில் எதிரி ஆட்சேபித்ததும் ஒப்பந்தத்திலிருந்து 'இறைத்தூதர்' என்ற தம் பட்டத்தையே நீக்கச் சொன்னவர், தோழர்கள் கொதித்தும் போரில்லாமல் திரும்பியவர், 630இல் தம்மைத் துரத்திய மக்காவை வென்று ஒரு சிலரைத் தவிர ஊரையே மன்னித்தவர் எந்த இடத்தில் நிற்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. குர்ஆன் அதிகமாகப் பெயர் சொல்லும் மனிதர் முகம்மது அல்ல, மோசே. 130 தடவைக்கு மேல். முகம்மது என்ற பெயர் நான்கே தடவை. கொடுங்கோலிடமிருந்து ஒரு சமூகத்தை அழைத்துக்கொண்டு வெளியேறி, சட்டம் கொடுத்து, வழக்குத் தீர்த்து, போரும் நடத்திய மோசேயின் கதையில்தான் நபிகள் தம் நிழலைப் பார்த்தார். அந்த மோசே கிறிஸ்தவர்களின் வேதத்திலும் இருக்கிறார். யோசுவாவும் தாவீதும் இருக்கிறார்கள். தாவீதின் சங்கீதம் பாடாத தேவாலயம் எங்கே இருக்கிறது? வாளேந்திய இறையடியார் என்றாலே பைபிளுக்கு ஒவ்வாதவர் என்று சொல்பவர் பைபிளின் முன்பாதியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

எதிர்வாதத்தில் மிகக் கனமானது இன்னும் பாக்கி. நீங்கள் சொல்லும் வகை, வரிசை எல்லாம் படித்தவர்களுக்கு. சாதாரண விசுவாசி தன் தலைவரைப் பார்த்து நடப்பவன், முஸ்லிமுக்கு நபி வழி சட்டமே, எனவே போர் செய்த முன்மாதிரி போரைத் தூண்டும், செய்யாத முன்மாதிரி தடுக்கும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறு ஒத்துக்கொள்ளவில்லை. 782இல் ஃபிராங்கிய அரசன் சார்லமேன் வெர்டனில் ஒரே நாளில் 4,500 சாக்சன்களின் தலையை வெட்டினான் என்று அவனுடைய அரசவைக் குறிப்பே பெருமையோடு சொல்கிறது. ஞானஸ்நானத்தை மறுத்தால் மரணம் என்று சட்டமும் போட்டான். இயேசுவின் முன்மாதிரி அவனைத் தடுக்கவில்லை. ஆள்வதற்கு அங்கே மாதிரி இல்லாததால் தாவீதிடமும் யோசுவாவிடமும் போய் வாங்கிக்கொண்டான். மாதிரி இல்லாதிருப்பது வேறு, சமாதானத்தின் மாதிரி இருப்பது வேறு என்பது சிலுவைப்போர்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

மறுபக்கம், 1929இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் கான் அப்துல் கஃபார் கான் 'குதாயி கித்மத்கார்' படையைத் தொடங்கினார். துப்பாக்கியை உடம்பின் ஓர் உறுப்புபோலச் சுமந்து திரிந்த பட்டாணியர்களிடம், ஆயுதம் தொடமாட்டேன் என்று ஆண்டவன் பெயரால் சத்தியம் வாங்கினார். இது காந்தி கொடுத்த புது மருந்து அல்ல, மக்காவில் நம் நபி எடுத்த ஆயுதம், அதன் பெயர் பொறுமை என்பது அவர் விளக்கம். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானிக் கடைத்தெருவில் நிராயுதபாணிகளாக நின்ற கூட்டத்தின்மீது பிரிட்டிஷ் அரசு சுட்டது. சுட்டவர்களின் அரசு இயேசுவை வணங்கும் அரசு. நின்று வாங்கிக்கொண்டவர்கள் முகம்மது நபியைப் பின்பற்றியவர்கள். முன்மாதிரி தானாக நடப்பதில்லை. அதிலிருந்து எதை எடுப்பது என்பதைக் காலமும், வயிறும், அதிகாரமும், சில சமயம் ஒரு தனி மனிதரின் பிடிவாதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

முஸ்லிம்கள் பக்கத்து மதிப்பெண் பட்டியலையும் சொல்லாவிட்டால் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டவனாவேன். மீலாது மேடைகளில் மைக்கேல் ஹார்ட்டின் பெயர் கேட்காத ஆண்டு உண்டா? அமெரிக்க வானியற்பியலாளரான அவர் 1978இல், உலகில் அதிகத் தாக்கம் செலுத்திய 100 பேரை வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் போட்டார். முதலிடம் முகம்மது நபிக்கு, இரண்டாமிடம் நியூட்டனுக்கு, மூன்றாமிடம் இயேசுவுக்கு. ஒரு கிறிஸ்தவ நாட்டு அறிஞரே ஒப்புக்கொண்டார் என்று கைதட்டல் பறக்கும். தாக்கம் வேறு, மேன்மை வேறு என்று ஹார்ட்டே எச்சரித்திருப்பதை யாரும் சொல்வதில்லை. அதே பட்டியலில் செங்கிஸ்கானும் ஹிட்லரும் ஸ்டாலினும் இடம்பெற்றிருப்பதையும் சொல்வதில்லை. இறைத்தூதருக்கு ஹிட்லர் இருக்கும் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு மகிழ்வது என்ன பக்தியோ. ஆனால் ஹார்ட் தம்மை அறியாமலே ஒரு நல்ல காரியம் செய்தார். இயேசுவை ஏன் மூன்றாமிடத்தில் வைத்தேன் என்று விளக்கும்போது, கிறிஸ்தவத்தை உருவாக்கிய பெருமையை இயேசுவும் பவுலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார். பவுலுக்கு ஆறாமிடம். 'நிறுவனர்' என்ற பத்தியில் ஒரு பெயர் போதாது என்று பட்டியல் போட்டவருக்கே தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடக் கட்டம் உடைவது இங்கேதான். இயேசு யூதராகப் பிறந்து யூதராக இறந்தவர். 'கிறிஸ்தவர்' என்ற பெயரே அவருக்குப் பின் அந்தியோக்கியாவில் புழக்கத்துக்கு வந்தது. நபிகளோ தாம் புது மதம் தொடங்கியதாகச் சொன்னதே இல்லை. ஆபிரகாமின் வழியைப் புதுப்பிப்பதாகத்தான் சொன்னார். வெள்ளைக்காரன் கிறிஸ்துவிலிருந்து கிறிஸ்தவர் வந்ததுபோல முகம்மதுவிலிருந்து 'முகம்மதியர்' என்று ஒரு சொல் செய்து, சட்டப் புத்தகத்தில் ஏற்றினான்; நாமும் நீண்ட நாள் அப்படியே எழுதினோம். முஸ்லிம்கள் அந்தச் சொல்லை வெறுத்ததில் வியப்பில்லை. அவர்கள் வணங்குவது முகம்மதுவை அல்ல.

இரண்டு சமூகங்களும் தங்கள் முதல் நெருக்கடியை எப்படிக் கடந்தன என்று பாருங்கள். ஒன்று, இறந்தவர் மூன்றாம் நாள் எழுந்துவிட்டார் என்ற செய்தியில் பிறந்தது. மற்றதன் நபி 632இல் இறந்தபோது, அவர் இறக்கவில்லை, திரும்பி வருவார் என்று அவருடைய தோழர் உமர் கத்திக்கொண்டிருந்தார். இன்னொரு தோழரான அபூபக்கர் வந்து, முகம்மது இறந்துவிட்டார், அவரை வணங்கியவர்கள் தெரிந்துகொள்ளட்டும், இறைவன் இறப்பதில்லை என்ற பொருளில் பேசிக் கூட்டத்தை நிலைக்குக் கொண்டுவந்தார். அவர் உயிரோடிருக்கிறார் என்பதே ஒரு சமயத்தின் அடிக்கல். அவர் இறந்துவிட்ட மனிதர் என்று ஒப்புக்கொண்டது மற்றொன்றின் அடிக்கல். இவர்கள் இருவரையும் எந்தத் தராசில் ஏற்றுவீர்கள்?

கனடாவைச் சேர்ந்த சமய ஆய்வாளர் வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித் 1950களில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்தவத்தில் கிறிஸ்து இருக்கும் இடத்தில் இஸ்லாத்தில் இருப்பது நபியல்ல, குர்ஆன். ஒன்றில் இறைவாக்கு மனிதராக இறங்கியது. மற்றதில் நூலாக இறங்கியது. பைபிளுக்கு நேர் குர்ஆன் அல்ல; இயேசுவுக்கு நேர் முகம்மது அல்ல. இது ஏதோ நவீனப் பேராசிரியரின் சமத்காரம் என்று நினைக்க வேண்டாம். அலெக்சாந்திரியாவின் பாதிரியார் ஏரியஸ் குமாரன் படைக்கப்பட்டவர் என்றார். 325இல் நீக்கேயா சங்கம் இல்லை, படைக்கப்படாதவர் என்று தீர்மானித்தது. ஐந்நூறு ஆண்டு கழித்து பாக்தாதில் அதே சண்டை, வேறு பொருள்மீது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று கலீஃபா மஃமூன் 833இல் ஆணையிட்டார். ஏற்க மறுத்த மார்க்க அறிஞர் அகமது இப்னு ஹன்பல் சிறையில் கிடந்தார், சவுக்கடி வாங்கினார். கடைசியில் குர்ஆன் படைக்கப்படாதது என்ற பக்கமே சுன்னி உலகில் நின்றது. கிறிஸ்தவர்கள் ஒரு மனிதரைப் பற்றிக் கேட்ட கேள்வியை முஸ்லிம்கள் ஒரு நூலைப் பற்றிக் கேட்டார்கள். 'பொருத்துக' கோட்டைக் குறுக்காக இழுத்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதியவர்கள் இதை எங்கோ உணர்ந்திருந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபிகளைப் பாட்டுடைத் தலைவராக்கினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் காப்பியத் தலைவராக்கியது இயேசுவை அல்ல, அவரை வளர்த்த சூசையப்பரை. தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, இரண்டு காப்பியங்களையும் பக்கத்தில் வைத்தால் மனிதருக்கு எதிரே மனிதர்தான் நிற்கிறார்.

நபிகளின் கடைசி ஆண்டுகளில் நஜ்ரானிலிருந்து சுமார் 60 கிறிஸ்தவர்கள் பாதிரிமாரோடு மதீனாவுக்கு வந்தார்கள். தொழுகை நேரம் வந்தபோது பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கி நின்று தங்கள் வழக்கப்படி ஜெபம் செய்தார்கள் என்றும், விட்டுவிடுங்கள் என்று நபிகள் சொன்னார் என்றும் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பிறகு விவாதம் மூண்டது. இயேசுவா முகம்மதுவா, யார் பெரியவர் என்பதல்ல விவாதம். இயேசு யார்? இறைமகனா, மரியாளின் மகனான நபியா? இரு தரப்பும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒத்துப்போகாமலே ஆண்டுக்கு 2,000 ஆடைகள் திறையாகத் தருவதாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். கிளம்பும்போது நஜ்ரான்காரர்கள் ஒன்று கேட்டார்கள்: எங்களுக்குள் சொத்து வழக்குகள் இருக்கின்றன, தீர்த்துவைக்க நம்பிக்கையான ஆள் ஒருவரை அனுப்புங்கள். நபிகள் தம் தோழர் அபூ உபைதாவைக் கூப்பிட்டார். அவர் எழுந்து அந்தக் கிறிஸ்தவர்களோடு நஜ்ரானுக்குப் புறப்பட்டுப் போனார்.